கடைசி சீட்டுக்குப் பாட்டு கிடையாது

"டெனிசன், அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க. காது அடைக்குது."

"இதோ மேடம்" என்று வேன் டிரைவர் டெனிசன் பாட்டைக் குறைத்தான்.

வண்டி வல்லம் வடகால் சிப்காட் முனையைத் தாண்டியிருக்காது. கண்ணாடியில் பின்பக்கம் ஒரு பார்வை பார்த்தான். பாட்டைப் பழையபடி ஏற்றிவிட்டான்.

சில்வியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். தன் ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் கிடப்பதால், இந்த வாரம் லைன் பெண்களோடு ஷிப்ட் வேனில்தான் பென்னலூர் திரும்புகிறாள். ஏறிய நாளிலிருந்து இதே கூத்து.

வேனோடு வந்த ஸ்பீக்கர் தகர டப்பா மாதிரி கத்தியதாம், கழற்றிவிட்டானாம். இப்போது ஆம்ப்ளிஃபயர் என்ன, கதவுக்குக் கதவு புது ஸ்பீக்கர் என்ன! சீட் உறை கிழிந்து பஞ்சு எட்டிப் பார்க்கிறது. அதைத் தைக்க மட்டும் மனசு வரவில்லை.

அதுகூடப் போகட்டும். அந்தக் கண்ணாடிப் பார்வைதான் அவளுக்கு ஆகவே ஆகவில்லை. வயசுப் பெண்கள் வருகிற வண்டி. பார்ப்பதும் பாட்டை ஏற்றுவதும்... மைனர் என்று நினைப்பு!

"எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு?"

"கோச்சிக்காதீங்க மேடம். ரெண்டு பாட்டு ஓடிக்கினு இருக்கட்டும். அப்பால குறைச்சிர்றேன்."

பக்கத்தில் இருந்த கவியா, திருநெல்வேலிப் பெண், மெதுவாகச் சொன்னாள். "விடுங்கக்கா. எங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல."

"உங்களுக்கு எப்படி இருக்கும்? ஓசிக் கச்சேரி."

மறுநாள் காலையில் முதல் வேலையாக டிரான்ஸ்போர்ட் செக்‌ஷன் ரகுபதிக்குப் போன் போட்டாள்.

"அந்த ஆளை ஏற்கெனவே ஒரு தடவை எச்சரிச்சாச்சு மேடம்" என்றார் அவர். "அந்த ஸ்பீக்கரை ஒரு போட்டோ மட்டும் எடுத்து அனுப்புங்க. நாளையிலேருந்து வேற வண்டி போட்டுடறேன்."

கவியா அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, டெனிசன் அண்ணனுக்கு இந்த டிரிப்ப விட்டா வேற பொழப்பு இல்லக்கா."

"இருக்கிற பொழப்பை அவர் ஒழுங்கா பார்க்கணும்."

சாயங்கால வேனில் சில்வியா போனைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகக் கடைசி சீட்டுக்குப் போனாள். அங்கே செல்லக்கனி உட்கார்ந்திருந்தாள். "இன்னிக்கு என் முறைக்கா..." என்று ஏதோ சொல்ல வந்தவள், சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து முன்னால் போனாள்.

சில்வியா மேலே பார்த்தாள். ஸ்பீக்கர் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். அறுத்துவிட்ட வயர்களின் நுனியில் டேப். மற்ற ஸ்பீக்கர் எல்லாம் முன்பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தன. முன் சீட்டின் முதுகில் தடிமனான ஃபோம் ஷீட் வேறு.

அப்படியா சங்கதி! கடைசி சீட்டுக்குப் பாட்டே கிடையாது. மொத்தத்தையும் தன் காதுக்கு இழுத்து வைத்துக்கொண்டிருக்கிறான். இதைவிட நல்ல போட்டோ கிடைக்குமா?

போனைத் தூக்கிப் பிடித்தாள். அது அடித்தது. அம்மா.

"சில்வியா... மாப்ள வூட்ல வேணான்ட்டாங்கடி."

போன ஞாயிற்றுக்கிழமைதான் மாதா கோயில் பூசையில் அவள் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசித்தார்கள். பங்கு மக்கள் எல்லோரும் அவள் பெயரைக் கேட்டிருந்தார்கள்.

"முதல் ஓலை படிச்சாச்சேம்மா..."

அழுகைதான் வந்தது. துப்பட்டாவை வாயில் அடைத்துப் பார்த்தாள், நிற்கவில்லை. "என்னம்மா கொறை என்கிட்ட?" என்று கேட்டுக் கேட்டு விம்மினாள்.

திடீரென்று உறைத்தது. ஐயோ, வண்டி முழுக்க அவள் லைன் பெண்கள்! நாளைக்கு யார் மதிப்பார்கள்?

பயந்துகொண்டே நிமிர்ந்தாள். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. முன்னால் பாட்டு கூரையைப் பிளந்துகொண்டிருந்தது. முன் சீட்டிலிருந்து ஒரு கை மட்டும், திரும்பிப் பார்க்காமலே, தண்ணீர் பாட்டிலைப் பின்னால் நீட்டியது. கவியாவின் கை.

பென்னலூர் ஹாஸ்டல் வாசலில் எல்லோரும் இறங்கிய பிறகு, சில்வியா கவியாவை நிறுத்தினாள்.

"நான் பேசினது..."

"ஒண்ணும் கேக்கலக்கா. கேக்கக் கூடாதுன்னுதானே அண்ணன் அப்படி மாட்டிருக்காவ."

"என்ன சொல்ற?"

"ரூம்ல எட்டுப் பேருக்கா. கம்பெனில போன லாக்கர்ல வச்சிரணும். வீட்டுக்குப் பேச இந்த வேன விட்டா எங்க எடம்? முன்ன ஒருதடவ செல்லக்கனி போன்ல அழுதத வேனே கேட்டுச்சு. அன்னைக்கே ஹாஸ்டல் பூரா பேச்சு. அவ ரெண்டு நாள் சாப்பிடல. அடுத்த ஞாயித்துக்கிழம அண்ணன் ஸ்பீக்கர மாத்திட்டாவ. இப்ப தினம் ஒருத்தி முறை. கடைசி சீட்ல உள்ளவ போனை எடுத்துட்டாளான்னு கண்ணாடில பாப்பாவ. எடுத்துட்டா பாட்ட ஏத்திருவாவ."

"என்கிட்ட முன்னாடியே சொல்லக் கூடாதா?"

கவியா தயங்கினாள். "நீங்க சூப்பர்வைசர்லாக்கா. யாரு என்ன பேசுதாள்னு காது குடுப்பீங்களோன்னு பயம்."

சில்வியாவுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. வேனுக்குள் டெனிசன் எதுவும் தெரியாதவன் போல டேஷ்போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது. ரகுபதி.

"மேடம், போட்டோ இன்னும் வரலையே? சத்தத்தைப் பத்திதானே கம்ப்ளைன்ட்?"

"ஆமா சார், சத்தத்தைப் பத்திதான்" என்றாள் சில்வியா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லுங்க."