கோடு வரைக்கும் எச்சில்

வாயில் ஒரு சொட்டு எச்சில் ஊறவில்லை.

எழில்மதி பிளாஸ்டிக் குப்பியை உதட்டோடு வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். குப்பியின் பாதியில் ஒரு கோடு. அதுவரை நிரப்ப வேண்டும். அரைமணி நேரமாகப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதது ஒரு காரணம் என்றால், பயம் இன்னொரு காரணம்.

"புளியங்காய நெனச்சிக்கினு துப்பு," என்றான் அவள் புருஷன் வீரமணி, வாசற்படியில் உட்கார்ந்தபடி. வெள்ளிமலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிவரும் லாரி அவனுடைய பிழைப்பு. இன்று வண்டி எடுக்காமல் வீட்டில் இருந்தான்.

எழில்மதியின் அம்மா மார்பில் கட்டி வந்து போய்ச் சேர்ந்தது முப்பத்தெட்டு வயதில். சின்னம்மாவும் அதே நோயில்தான், நாற்பதைத் தாண்டிய கையோடு. இருவருமே மாரில் கட்டி என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டு, முதுகுவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டே காலத்தைக் கடத்தியவர்கள்.

எழில்மதிக்கு இப்போது முப்பத்தாறு.

கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், யாரிடமும் சொல்லாமல் டாக்டரம்மாவிடம் போய், அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா என்று நேராகவே கேட்டுவிட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்க அந்தக் குடும்பத்தில் அதுவரை ஒருத்தருக்கும் வாய் வந்ததில்லை. டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்து, இப்போதைக்கு ஒன்றுமில்லை என்றார். ஆனால் நோய் குடும்பத்தில் வழிவழியாக வருகிறதா என்று மரபணுவைப் பார்ப்பது நல்லது, வீட்டிலிருந்தே எச்சிலை அனுப்பலாம் என்றும் சொன்னார்.

சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா. எச்சிலைத் துப்பிக் கூரியரில் அனுப்புகிற கூத்தை எங்கேயும் பார்த்ததில்லை என்று சிரித்தவர்கள் சிலர். விஷயம் வெளியே தெரிந்தால் ஒன்பது வயசு மகள் கோகிலவாணியை நாளைக்கு யார் கட்டுவான் என்று பயமுறுத்தியவர்கள் சிலர். தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று எல்லோருமே கேட்டார்கள்.

"தெரியாம இருந்தவங்கதான் ரெண்டு பேரும் பூட்டாங்க," என்றாள் எழில்மதி.

பல்லி மேலே விழுந்தால் தெருவே கேட்கும்படி அலறுகிறவள் அவள். இந்த நெஞ்சழுத்தம் எங்கிருந்து வந்ததோ, மெச்சத்தான் வேண்டும்.

கடைசியில் புளியங்காய்தான் கைகொடுத்தது. நுரையைக் கணக்கில் சேர்க்காமல் கோடு வரைக்கும் நிரப்பினாள். மூடியைத் திருகியதும் அதிலிருந்த மருந்து இறங்கிக் கலந்தது. குலுக்கி, பையில் போட்டு, விளிம்பை அழுத்தி ஒட்டினாள்.

சொல்லி வைத்தாற்போல் போன் வந்தது. ஆய்வகத்தின் ஆலோசகர், சென்னையிலிருந்து ஒரு பெண். எழில்மதி ஸ்பீக்கரில் போட்டாள்.

அம்மா வழியில் யார் யாருக்கு, எந்தெந்த வயதில் என்று அந்தப் பெண் கேட்டாள். எழில்மதி சொன்னாள். அப்பா வழியில் யாருக்கும் இல்லை. கணவர் பக்கம்?

"அவங்க பக்கம் யாருக்கும் இல்லங்க," என்றாள் சட்டென்று.

அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். நோய் கண்டவர்கள் உயிரோடு இல்லாததால் முடிவை முழுதாக நம்பிவிட முடியாது. எது வந்தாலும் மார்பை அவ்வப்போது பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மரபணுவில் கோளாறு இருந்தால் அது மகளுக்குப் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு. இல்லையென்றால், உங்கள் வழியாக அவளுக்குப் போகாது.

அந்தக் கடைசி வார்த்தையை எழில்மதி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தனக்கு வந்தால் ஆப்பரேஷனோ மருந்தோ, பார்த்துக்கொள்ளலாம். தன்னிடம் இல்லை என்று வந்துவிட்டால் மகள் தப்பித்தாள். அந்த நினைப்பே அவளுக்குப் பாதி தெம்பைக் கொடுத்தது.

வேறு சந்தேகம் உண்டா என்றாள் அந்தப் பெண்.

வீரமணி எழுந்து உள்ளே வந்தான். எச்சில் அனுப்பும் பேச்சு தொடங்கியதிலிருந்து ஆமாம் என்றோ வேண்டாம் என்றோ அவன் ஒன்றும் சொன்னதில்லை. இப்போது போனைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"ஏங்க, ஆம்பள கிட்ட இருந்தும் இது பொண்ணுக்குப் போவுமா?"

போகும் சார், அதே பாதிக்குப் பாதிதான் என்று பதில் வந்தது.

எழில்மதிக்கு எரிச்சலாக வந்தது. இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விட்டிருந்தாள், அதற்குள் இவனுக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி?

"அப்ப எனக்கும் ஒரு குப்பி அனுப்புங்க," என்றான்.

அந்தப் பெண் குழம்பிப் போனாள். உங்கள் பக்கம் யாருக்கும் இல்லையென்று மேடம் இப்போதுதானே சொன்னார்கள்?

"அவ சொன்ன ரெண்டு பேருமே எங்க அக்காங்கதாங்க."

அக்கா மகளைக் கட்டியவன் என்பது ஊருக்கே தெரிந்த சேதி. அம்மாவையும் சின்னம்மாவையும் தன் பக்கத்துச் சாவாகவே வைத்து அழுதுகொண்டிருந்தவளுக்கு மட்டும், அந்த இரண்டு பேரும் அவன் கூடப் பிறந்தவர்கள் என்பது இந்தக் கணக்கில் தோன்றவேயில்லை.

அவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், அவனை ஒருத்தரும் கேட்டிருக்கப் போவதில்லை.