அரை மணி நேரம்

விமானம் எழும்பியதும் பணிப்பெண் ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தாள். காற்று அடங்கட்டும் என்று இரண்டு நாள் விமான நிலையத்திலேயே கிடந்த அலுப்பில், வைரவனுக்கு அதைக் கடிக்கக்கூடத் தெம்பில்லை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டான்.

தங்கை மரகதத்தைப் பக்கத்துத் தீவில் கட்டிக்கொடுத்துப் பதினாறு வருடமாகிறது. "அரை மணி நேரந்தானே புள்ள, எப்ப வேணும்னாலும் வந்துரலாம்" என்று சொல்லிச் சொல்லியே அவன் ஒருமுறைகூடப் போனதில்லை. இப்போது அவள் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள் என்று போன் வந்திருந்தது.

கண்ணை மூடித் திறப்பதற்குள் சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது.

விமான நிலைய வாசலில் அவள் கணவன் சண்முகராசு சவரம் செய்யாத முகத்தோடு நின்றான்.

"போயிட்டா மச்சான். கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தா."

வைரவனின் கன்னத்தில் மிட்டாய் இன்னும் இனித்துக்கொண்டிருந்தது.