சோபாவுக்கு அடியில் மாத்திரை

சோபாவை நகர்த்திப் பெருக்கப் போன மகளுக்கு, அடியில் ஏழெட்டு மாத்திரைகள் கிடைத்தன. எல்லாம் எச்சில் பட்டு நிறம் போயிருந்தன.

"அப்பா, இதெல்லாம் என்ன?"

ரிடையர் ஆன டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பார்த்தா மாத்திரை மாதிரி இருக்கு."

"துப்பி ஒளிச்சு வெச்சிருக்கீங்க. மூளை ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் வெச்சு மூணு மாசம்கூட ஆகலை. ரத்தம் கட்டக் கூடாதுன்னுதானே இதைக் குடுத்தாங்க?"

"கசக்குதும்மா."

அம்மாவின் முகம் வாடிவிட்டது. "மறக்காம என் கையால எடுத்துக் குடுக்கறேன். சமர்த்தா வாங்கி வாயில போட்டுக்கறாரேன்னு நினைச்சேன். இந்த வேலை பார்த்திருக்காரே."

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரி. கோபத்தில் அம்மா டாக்டர் அறைக்குள் வரவில்லை. வெளியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வரும்வரை டாக்டர் பழைய ஸ்கேனைக் காட்டிக் காட்டித் திட்டினார்.

"இந்த மூணு புள்ளி தெரியுதா? ஸ்டென்ட் வெச்சப்ப சத்தமில்லாம வந்த ஸ்ட்ரோக். கை கால் இழுக்காது, வாய் கோணாது. வந்ததே தெரியாது."

"சத்தமே போடாதா? எங்க வீட்ல அப்படி இருக்கிற ஒரே ஆள் அதுதான், டாக்டர்," என்றார் மாஸ்டர்.

டாக்டர் சிரிக்கவில்லை. "வயசு, சர்க்கரை, பிரஷர், தடிச்சுப் போன ரத்தக்குழாய்னு எல்லாமே உங்களுக்கு இருக்கு. இப்படிப்பட்டவங்களுக்குத்தான் இந்தப் புள்ளி சுலபமா விழும். மாத்திரையையும் விட்டா அடுத்தது சத்தத்தோட வரும்."

"லைசென்ஸ் கேன்சல்னு சொல்லுங்க."

"எல்லாம் விளையாட்டா உங்களுக்கு?" மகள் பல்லைக் கடித்தாள். "அம்மா உயிரை விட்டுப் பார்த்துக்கறாங்க. துளி நன்றி கிடையாது."

நர்ஸ் ரிசல்ட்டைக் கொண்டுவந்து வைத்தாள். டாக்டர் ஒன்றுக்கு இரண்டு முறை படித்தார்.

"மருந்து கரெக்டா வேலை செய்யுதே. ஒழுங்கா சாப்பிடறவங்களுக்குத்தான் இப்படி வரும்."

"அப்போ சோபாவுக்கு அடியில கிடந்தது?"

மாஸ்டர் திரும்பி, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"அது ரெண்டாவது மாத்திரை. காலையில உங்கம்மா குடுப்பா, போட்டுக்குவேன். கொஞ்ச நேரத்துல மறுபடி தண்ணியோட வந்து நிப்பா. குடுத்த ஞாபகமே இருக்காது. ரெண்டையும் முழுங்கினா ரத்தம் கசியும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"வேண்டாம், போட்டுக்கிட்டேன்னு சொல்ல வேண்டியதுதானேப்பா?"

"ஒரு தடவை சொன்னேன். அன்னிக்கு பூரா ஒரு மூலையில உட்கார்ந்துட்டா. அதுக்கப்புறம் சொல்ல மனசு வரலை." டாக்டர் பக்கம் திரும்பினார். "அடுத்த தடவை எனக்குச் செக்கப்னு சொல்லிக் கூட்டிட்டு வரேன். நீங்க அவளைத்தான் பார்க்கணும்."

"அடுத்த தடவை எதுக்கு? இப்பவே கூப்பிடுங்க," என்றார் டாக்டர்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அம்மா, உள்ள வா. அப்பாவைப் பத்தி டாக்டர் உன்கிட்ட ஏதோ கேக்கணுமாம்."

"துப்பினதை ஒத்துக்கிட்டாரா?"

"ஒத்துக்கிட்டாரும்மா. தப்பு பூரா அவர் மேலதான்."