திமிங்கிலம் எழும் நேரம்

பேகம்பூர் மாடியறையில், பிற்பகல் வெயில் திரையில் விழாதபடி ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஜீனத் வீடியோ கேமை நேரலையில் ஆடிக்காட்டுகிறாள். கேமை வெளியிட்ட நிறுவனம் விதி வைத்திருக்கிறது: ஆட்டத்தைக் காட்டலாம், ஆனால் அதன் இசை கேட்கக்கூடாது, காட்டுகிற இடத்தில் யாராவது பேசுவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சில்லாமல் போன அவளுடைய ஒரு வீடியோவை ஏற்கெனவே நீக்கிவிட்டார்கள். இன்னொன்று போனால் சேனலே போய்விடும். அதனால் அவள் வாய் ஓயாமல் பேசுகிறாள். ஆட்டத்தில் அவள் ஓட்டும் படகு பனிமூட்டத்தைத் தாண்டுகிறது. இசையில்லாத அந்த அமைதியில், கருநீலக் கடலைப் பிளந்துகொண்டு ஒரு திமிங்கிலம் எழுகிறது, எழுந்துகொண்டே இருக்கிறது. ஜீனத்துக்குப் பேச்சு வரவில்லை. திரையோரத்தில் அவள் குரலுக்கு ஆடும் பச்சைக் கோடு படுத்துவிடுகிறது. தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டதைச் சொல்ல மாடியேறி வந்த அவள் அம்மா குர்ஷித் பேகம், இடுப்பில் காலிக் குடத்தோடு அவளுக்குப் பின்னால் அப்படியே நிற்கிறார். எவர்சில்வர் குடத்தின் வளைவில் கடல் நீலமாக அசைகிறது. "யா அல்லா! ஏண்டி ஜீனத்து, இம்புட்டுத் தண்ணிக்குள்ள அது ஒத்தையிலயா கெடக்கு?" பச்சைக் கோடு துள்ளி, திமிங்கிலத்தின் உயரத்துக்கு எழுகிறது.