சுற்றிப் பார்க்க ஆறு மணி நேரம்

"அடுத்த ஃப்ளைட்டுக்கு ஆறு மணி நேரம் இருக்குங்க. ஊரைச் சுத்திப் பார்க்கணும்" என்றபடி, இரண்டு பிள்ளைகளோடு விமான நிலைய வாசலில் டாக்ஸி ஏறினார் அவர்.

"மியூசியம், ஏரி எல்லாத்தையும் முடிச்சிடலாம் சார்" என்றார் டிரைவர்.

மகள் அப்பாவின் காதில் ஏதோ கிசுகிசுத்தாள்.

"அதெல்லாம் வேணாம். பக்கத்துத் தெருவுல ஒரு ஸ்கூலாம், அங்க விடுங்க."

பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று, மாடியில் ஒரு ஜன்னலையே மூவரும் பார்த்தார்கள். அடுத்து ஒரு முடிவெட்டும் கடை. அப்புறம், பூங்காவில் விளிம்பு உடைந்த ஒரு சறுக்குமரம். அந்த உடைசலைத் தடவிப் பார்த்தவர், மகனின் மோவாய்த் தழும்பையும் தடவினார்.

டிரைவருக்கு மண்டை குடைந்தது. "இதையெல்லாமா சார் சுத்திப் பார்ப்பாங்க?"

"ஏர்போர்ட்டுக்கே விடுங்க" என்றார் அவர்.

திரும்பியபோது, விமான நிலைய வாசலில் கவுன்ட்டர் யூனிஃபார்மோடு ஒரு பெண் காத்திருந்தாள். பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டு, அவர் மட்டும் உள்ளே போனார்.

"நீங்க ஃப்ளைட்டுக்குப் போகலையா பாப்பா?" என்று மகளிடம் கேட்டார் டிரைவர்.

"அப்பாதான் அங்கிள் போறாரு. நாங்க அம்மாகூட இந்த ஊருலதான் இருக்கோம். எங்க புது வீடுதான் ரொம்ப தூரம். அடுத்த தடவை ஃப்ளைட் லேட்டாச்சுன்னா, அதையும் அப்பாவுக்குக் காட்டிடுவோம்."