பிரிக்காத பொட்டலம்

குருவிட்டவில் மழை விட்டும் ரப்பர் மரங்கள் சொட்டிக்கொண்டிருக்கின்றன. தோட்டத் தொழிலாளர் லயத்து அடுப்பில் மணல் போட்ட அலுமினியச் சட்டி, அதன் மூடிமேல் சிரட்டைத் தணல். உள்ளே, தட்டில், பேரீச்சம்பழம் வைத்த பேஸ்ட்ரிகள் மெல்லச் சிவக்கின்றன. குவைத்தில் வேலை செய்த வீட்டு மேடத்திடம் புஷ்பராணி கற்றுக்கொண்ட பக்குவம் இது. போன வாரம்தான் ஊர் திரும்பியிருக்கிறாள். கைப்பிள்ளையாக விட்டுப்போன மகள் நிரோஷினி, முன்பல் விழுந்த வாயோடு, அத்தை வீட்டிலிருந்து வந்து வாசலில் நிற்கிறாள். "உள்ள வாம்மா." வந்து பாயின் ஓரத்தில் உட்காருகிறாள், பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொள்கிறாள். புஷ்பராணி மூடியைத் திறக்கிறாள். புகையோடு நெய் மணம் எழுகிறது. ஒன்றை எடுத்து, ஊதி, பிட்டுக் கொடுக்கிறாள். சிறுமி மென்றபடி சுவர்த் தட்டைப் பார்க்கிறாள்.

"அந்தக் கஜு இதுக்கு வாங்குனது இல்லீங்களா?"

காலையில் கடைவீதியில் தேடி வாங்கிய முந்திரிப்பருப்புப் பொட்டலம் பிரிக்காமலே இருக்கிறது. மேடம் சொன்ன பக்குவத்தில் கஜு உண்டு. ஆனால் மேடத்தின் மகன் ஹமத், பல்லில் கஜு பட்டாலே துப்பிவிடுவான். அவனுக்காக அத்தனை வருஷமும் கஜு இல்லாமலே செய்த கை, இன்றும் அப்படியே செய்திருக்கிறது. புஷ்பராணி மாவு ஒட்டிய விரல்களைச் சேலையில் துடைக்கிறாள். மூடிமேல் தணல் நீறு பூத்துக்கொண்டிருக்கிறது.

"ஒனக்குக் கஜு புடிக்குமாம்மா?"

நிரோஷினி நிமிர்ந்து அவளை வியப்பாகப் பார்க்கிறாள்.

"ரொம்பப் புடிக்கும். அத்தைக்குத் தெரியுமே."