ராணியின் அம்மியில் மிளகாய்

பதினேழு நாட்களாக, அச்சுக்குப் போக வேண்டிய சரித்திர நாவல் ஒரு மிளகாயில் நின்றுகொண்டிருந்தது. ஆயிரம் வருடங்களுக்கு முன்னால், ராஜாவோடு தலைமறைவாக இருக்கும் ராணி அம்மியில் மிளகாய் அரைக்கிறாள். ஏன் கண் கலங்கியிருக்கிறது என்று ராஜா கேட்கிறான். மிளகாய்க் காரம் என்கிறாள். அவன் போய்விடுகிறான்.

தட்டச்சு செய்யும் மகள் அல்லி அதை மூன்று முறை மிளகு என்று மாற்றினாள். நாவலாசிரியர் திருமேனி மூன்று முறையும் சிவப்புப் பேனாவால் பழையபடி திருத்தினார்.

“அப்பா, அப்போ இந்த நாட்டுல மிளகாயே கிடையாது. அடுத்தவங்க நாவல்ல இருந்தா நீங்களே பக்கம் பக்கமா கிழிப்பீங்க.”

“தெரியும்மா.”

“தெரிஞ்சேவா? அப்ப நாலு தக்காளியும் வெச்சிருங்க. ராணி சட்னியே அரைக்கட்டும். சரிபார்த்தது அல்லின்னு முதல் பக்கத்துல போட்டிருக்கீங்க. ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கும்.”

“மிளகுக்கு அப்படிக் கண் கலங்காதும்மா. ராஜா நம்பணுமில்ல?”

“நம்பாட்டி என்ன? பக்கத்துல உட்கார்ந்து என்னன்னு கேட்கட்டுமே.”

திருமேனி பேனாவை மூடினார். அல்லியின் அம்மா இறந்தபின் யாரும் தொடாத அம்மி கொல்லைச் சுவரில் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“உங்கம்மாவும் மிளகாய்க் காரம்னுதான் சொன்னா. நானும் சரின்னு எழுதப் போயிட்டேன்.”

அல்லி தட்டச்சை நிறுத்தினாள்.

“அன்னைக்கு அம்மியில வெறும் தேங்காய்தான் இருந்துச்சு, அல்லி. நான் பார்த்தேன்.”